பொறியியல் சேர்க்கை உதவி மையம்: மலைக்கு மேலே படித்த பிள்ளைகளுக்கு எவ்வளவு உதவும்?

வீடு கம்பத்தில், பிழைப்பு மலைக்கு மேலே கேரளத்து வண்டன்மேடு ஏலக்காய்த் தோட்டத்தில் என்று குமுளிக்கும் கம்பம்மெட்டுக்கும் மேலும் கீழுமாக வாழும் குடும்பங்கள் தேனி மாவட்டத்தில் ஏராளம். பிள்ளை சில வகுப்பு கேரளத்தில், சில வகுப்பு இங்கே படித்திருக்கும். அப்படிப் படித்த பிள்ளை பிளஸ் டூ முடித்து இன்ஜினியரிங் போக நினைத்தால், தமிழ்நாடு அரசின் பொறியியல் சேர்க்கை உதவி மையத்தை நம்பிப் போகலாமா? தாராளமாகப் போகலாம். ஆனால் வெறுங்கையோடு போகக் கூடாது.

மையத்தின் சேவை இலவசம். விண்ணப்பக் கட்டணம் மட்டும் 500 ரூபாய். எஸ்சி, எஸ்சிஏ (அருந்ததியர்), எஸ்டி பிரிவினருக்கு 250. வீட்டில் கணினி இல்லாதவர்கள் மையத்திலேயே உட்கார்ந்து பதிவு செய்துகொள்ளலாம். சான்றிதழ் சரிபார்ப்பும் இவர்கள் கையில்தான். ஏற்றிய படம் மங்கலாக இருந்தாலோ பெயரில் எழுத்து மாறியிருந்தாலோ கூப்பிட்டுச் சொல்லித் திருத்த வைக்கிறார்கள். இதே வேலைக்குக் கடைவீதி பிரவுசிங் சென்டரில் காசு கொடுக்க வேண்டும். அதைவிடப் பெரிய ஆபத்து, சில சென்டர்காரர்கள் தங்கள் செல்போன் எண்ணையே பதிவு செய்துவிடுவது. பிறகு ஒவ்வொரு ஓடிபிக்கும் அந்தக் கடை வாசலில்தான் நிற்க வேண்டும்; கடை பூட்டியிருந்தால் கலந்தாய்வு நாளே கைவிட்டுப் போகும். செல்போன் எண், மின்னஞ்சல், கடவுச்சொல் மூன்றும் பிள்ளையுடையதாகவே இருக்கட்டும்.

எல்லையோரக் குடும்பங்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இருப்பிடச் சான்று (நேட்டிவிட்டி). எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை ஐந்து வகுப்பும் தமிழ்நாட்டில் படித்திருந்தால் அது தேவையில்லை. அதில் ஒரே ஒரு வகுப்பு நெடுங்கண்டத்திலோ குமுளியிலோ படித்திருந்தாலும் தமிழ்நாடு வருவாய்த்துறை தந்த இருப்பிடச் சான்று கட்டாயம். கேரளத் தாசில்தார் கொடுத்த சாதிச் சான்றும் இங்கே செல்லாது. தமிழ்நாட்டில் இணையவழி வாங்கிய சாதிச் சான்று இல்லாவிட்டால் இட ஒதுக்கீடு கிடைக்காது, பொதுப்பிரிவில்தான் நிற்க வேண்டும். இந்தச் சான்றுகளை மையம் வாங்கித் தராது. இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பித்தால் விஏஓ, வருவாய் ஆய்வாளர் (ஆர்ஐ) விசாரித்து மேலே அனுப்புவார்கள். ரேஷன் கார்டு கேரளத்தில் இருந்தால் விஏஓ தயங்குவது இயல்பு. அப்பா அம்மா தமிழ்நாட்டில் படித்த பள்ளிச் சான்று, வீட்டு வரி ரசீது, பட்டா, பெற்றோரின் பழைய சாதிச் சான்று என்று கையில் இருப்பதையெல்லாம் சேர்த்துக் கொடுங்கள். ரிசல்ட் வந்த பிறகு ஓடினால் அதே வாரம் எல்லாரும் அந்த அலுவலகத்தில்தான் நிற்பார்கள். பிப்ரவரியிலேயே முடித்துவிடுங்கள்.

7.5 சதவீத உள் ஒதுக்கீட்டைப் பற்றி வீட்டில் ஐந்தாம் வகுப்பிலேயே பேச வேண்டும். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான் அது (எட்டு வரை கல்வி உரிமைச் சட்டத்தில் தனியார் பள்ளியில் படித்து, ஒன்பது முதல் அரசுப் பள்ளியில் படித்தவர்களும் சேர்த்தி). கேரள அரசுப் பள்ளியில் படித்த ஆண்டுகள் கணக்கில் வராது. நடுவில் மேலே போய்ப் படித்துவிட்டுத் திரும்பிய பிள்ளைக்கு அந்தக் கதவு மூடியே இருக்கும். மையத்தில் யாராலும் திறந்துவிட முடியாது.

மதிப்பெண் பற்றிய பயம் மட்டும் வேண்டாம். கேரளத்தில் பொறியியலுக்கு கீம் நுழைவுத் தேர்வு உண்டு. இங்கே 2007 முதல் நுழைவுத் தேர்வே கிடையாது. கணிதம் 100க்கு, இயற்பியல் 50க்கு, வேதியியல் 50க்கு என்று மொத்தம் 200க்குக் கட் ஆஃப். கணிதத்தில் 90, இயற்பியலில் 84, வேதியியலில் 80 எடுத்தவருக்கு 90, 42, 40 சேர்ந்து 172. கேரள வாரியத்தில் எழுதியவர்களுக்கு, பாடவாரியாக இரண்டு வாரியத்தின் முதல் மதிப்பெண்ணையும் ஒப்பிட்டுச் சமன் செய்வார்கள்.

மையத்தின் குறை விருப்பப் பட்டியலில் தெரியும். எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு என்று அவர்கள் சொல்ல மாட்டார்கள். அது சரிதான், ஆனால் பட்டியலை எப்படி அடுக்குவது என்றாவது பொறுமையாகச் சொல்லித் தரலாம். கூட்ட நாளில் அதற்கு நேரமில்லை. நம் கட் ஆஃபுக்குக் கிடைக்கும் என்று நினைக்கிற கல்லூரியைப் பலர் முதலில் போடுகிறார்கள். இது தவறு. கணினி நம் பட்டியலை மேலிருந்து படித்து, காலியாக உள்ள முதல் இடத்தைத் தரும். அதனால் ஆசைப்பட்டதை மேலே வைத்தால் நட்டமே இல்லை. சுமாரானதை மேலே வைத்தால் நல்லது காலியாக இருந்தும் கிடைக்காது. எண்ணிக்கைக்கு வரம்பு இல்லை, தாராளமாக எழுதுங்கள். போடி அரசு பொறியியல் கல்லூரி 2012 முதல் பக்கத்திலேயே இருக்கிறது; விடுதிச் செலவுக்குத் தயங்கும் குடும்பங்கள் அதன் பிரிவுகளை மறக்காமல் சேருங்கள்.

இடம் ஒதுக்கிய பிறகு இன்னொரு பொறி உண்டு. கிடைத்ததை ஏற்றுக்கொண்டு மேலே உள்ளதற்கும் காத்திருக்கிறேன் என்று தேர்வு செய்பவர்கள் கல்லூரிக்குப் போக வேண்டாம். ஆனால் குறித்த தேதிக்குள் உதவி மையத்தில் பணம் கட்ட வேண்டும். காத்திருப்புதானே என்று சும்மா இருந்தால் கையில் இருந்த இடமும் போகும், மேலே வர வேண்டியதும் போகும்.

இந்த மையம் பொறியியலுக்கு மட்டும்தான். கலை அறிவியல், பாலிடெக்னிக், வேளாண்மை ஒவ்வொன்றுக்கும் தனி விண்ணப்பம், தனித் தேதி. எதற்குப் போவது என்றே தெரியாத பிள்ளைக்கு 14417 என்ற பள்ளிக்கல்வித் துறை எண் பொருத்தம். பிளஸ் டூவில் ஒரு பாடம் போய்விட்டால் ஒரு வருடம் வீட்டில் உட்கார வேண்டியதில்லை. துணைத் தேர்வில் தேறியவர்களுக்குத் துணைக் கலந்தாய்வு நடக்கிறது. அதற்கும் இதே மையம், இதே சான்றுகள்தான்.