ஹம் சத்தத்துக்கு மோட்டாரை மாற்றச் சொன்னால் சம்மதிக்காதீர்கள்

பழைய டர்ன்டேபிளை (இசைத்தட்டைச் சுழற்றிப் பாட வைக்கும் கருவி) பழுதுபார்க்கக் கொடுக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள். எனக்கு மூன்று மாதமும் கணிசமான பணமும் போயின.

என்னுடையது பெல்ட்டில் ஓடுவது. அதில் இரண்டு தொல்லைகள். ஆம்ப்ளிஃபயரைப் போனோவுக்கு, அதாவது டர்ன்டேபிளுக்கான உள்ளீட்டுக்குத் திருப்பிய உடனே ‘ம்ம்ம்’ என்ற ஹம். இன்னொன்று, பாட்டு தொடங்குவதற்கு முன் ஊசி வெற்றுப் பள்ளத்தில் ஓடும்போது கேட்கும் உறுமல். பழுதுபார்ப்பவர் ஒரு நிமிடம் கேட்டுவிட்டு, “இரண்டுக்கும் மோட்டார்தான் காரணம், தேய்ந்துவிட்டது, புதிது போட வேண்டும்” என்றார். தட்டு சுற்றாதபோதும் ஹம் கேட்கிறதே, அதற்கு மோட்டார் எப்படிக் காரணமாகும் என்று நான் கேட்கவில்லை. இன்றும் என்னை உறுத்துவது அதுதான்.

திரும்பி வந்தபோது உறுமல் சற்றுக் குறைந்திருந்தது, ஹம் முன்பைவிட அதிகம். கழற்றிய மோட்டாரைக் கேட்டேன். குப்பையில் போட்டுவிட்டதாகச் சொன்னார். அடுத்து கார்ட்ரிட்ஜை, அதாவது ஊசியின் அசைவை மின்சாரமாக மாற்றும் பகுதியை, மாற்றச் சொன்னார், மாற்றினேன். அதன் பிறகு ஆம்ப்ளிஃபயரின் டிரான்ஸ்ஃபார்மர் மேல் பழி போட்டார். அப்போதுதான் மின்இணைப்பைப் பிடுங்கிவிட்டு அடிமூடியை நானே திறந்தேன்.

‘புதிய’ மோட்டாரின் கப்பியில், வேகம் பார்க்க நான் முன்பு மையால் போட்ட கோடு அப்படியே இருந்தது. மாறியிருந்தது பெல்ட் மட்டும். மோட்டாரைத் தாங்கும் ரப்பர் வாஷர்கள் கல்லாக இறுகியிருந்தன. ஊசியைத் தாங்கும் கையான டோன்ஆர்மிலிருந்து வரும் எர்த் ஒயர், களிம்பேறிய முனையிலிருந்து அறுந்து தொங்கியது. அதைப் பற்ற வைக்காமலேயே மூடியிருக்கிறார்.

கார்ட்ரிட்ஜிலிருந்து வருவது சில மில்லிவோல்ட்தான். அதைப் போனோ பகுதி பல மடங்கு பெருக்குவதோடு, இசைத்தட்டு வெட்டும்போது குறைத்த தாழ்ந்த ஒலிகளையும் தூக்கிவிடுகிறது. 1,000 ஹெர்ட்ஸோடு ஒப்பிட்டால் 50 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ 17 டெசிபெல் கூடுதல். வீட்டு மின்சாரத்தின் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் சரியாக அங்கேதான் விழுகிறது. எர்த் சரியில்லை என்றால் ஹம் வந்தே தீரும்.

கடைக்குத் தூக்கிப் போகுமுன் வீட்டிலேயே பாருங்கள். மோட்டாரை நிறுத்திவிட்டு டோன்ஆர்மின் உலோகத்தைத் தொடுங்கள். ஹம் மாறினால் எர்த்தைச் சந்தேகியுங்கள். டோன்ஆர்மைத் தூக்கிப் பிடித்தபடி தட்டின் நடுவை நோக்கி நகர்த்தும்போது ஹம் ஏறினால், மோட்டார் அல்லது டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப் புலத்தைக் கார்ட்ரிட்ஜ் வாங்குகிறது. எர்த் ஒயர் அதற்கு உதவாது. உறுமலுக்கு வேறு சோதனை: பெல்ட்டைக் கழற்றி, மோட்டாரை ஓடவிட்டு, அசையாத இசைத்தட்டின் மேல் ஊசியை வையுங்கள். அப்போதும் உறுமினால் மோட்டாரின் அதிர்வு சட்டம் வழியாக வருகிறது, முதலில் வாஷர்களைப் பாருங்கள். அமைதியாக இருந்தால் தட்டின் பேரிங்கில் எண்ணெய் வற்றியிருக்கலாம்.

கோட்டைக் காட்டிக் கேட்டபோது, “சர்வீஸ் செய்ததைத்தான் புதிது என்றேன்” என்று கூசாமல் சொன்னார். நீண்ட வாக்குவாதத்துக்குப் பிறகு மோட்டாருக்கு வாங்கியதில் பாதியைத் திருப்பித் தந்தார். தேவையே இல்லாமல் வாங்கிய கார்ட்ரிட்ஜுக்கு ஒன்றும் தரவில்லை.

எர்த் முனையைச் சுரண்டி ஒயரைப் பற்ற வைத்ததும் ஹம் நின்றது. வாஷர்களை மாற்றிய பின் உறுமலும் அடங்கிவிட்டது. ‘தேய்ந்துபோன’ அதே மோட்டார்தான் இன்றும் ஓடுகிறது.