டவர் இல்லாத காட்டில் ஈபேர்ட்: ஆறு வருடப் பழக்கம்

களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தில், மேல் கோதையாறு பக்கம் ஆறு வருடமாகக் களப்பணி. மரங்களை அளப்பதுதான் வேலை. பறவைப் பட்டியல் நடுவில் வந்து ஒட்டிக்கொண்டது. அன்றிலிருந்து, பார்த்த பறவைகளைப் பட்டியலாகப் பதிவுசெய்யும் ஈபேர்ட் செயலிதான்.

டவர் இல்லாவிட்டாலும் ஓடும். மலையேறும் முன் அந்தப் பகுதிக்கான பறவைத் தொகுப்பை ஊரிலேயே இறக்கி வைத்துவிட வேண்டும். ஜிபிஎஸ்ஸுக்கு டவர் தேவையில்லை என்பதால் போனை ஏரோபிளேன் மோடில் போட்டுவிடுவேன். இல்லையென்றால் கிடைக்காத சிக்னலைத் தேடியே பேட்டரி மத்தியானத்துக்குள் காலி. வாரக் கடைசியில் கல்லிடைக்குறிச்சிக்கு இறங்கியதும் பட்டியல்களை ஒவ்வொன்றாக அனுப்புவேன்.

முதல் வருடம் நடை முடிந்தும் பட்டியலை நிறுத்த மறந்து ஜீப்பில் ஏறிவிட்டேன். ஜீப் போன தூரத்தையும் செயலி சேர்த்துக்கொள்ள, 2 கி.மீ. நடை 19 கி.மீ. ஆகிவிட்டது. "ஏண்ணே, ஜீப்புக்குள்ளயா பூங்குருவி பாத்தீங்க?" என்று கூட வந்த தம்பி இன்றுவரை கேட்கிறான். இப்போதெல்லாம் அரைமணிக்கு ஒரு பட்டியல்.

அதைவிடப் பெரிய தவறு இன்னொன்று. 'இது முழுமையான பட்டியலா' என்று கடைசியில் கேட்கும். சோலைக்குள் பாதிப் பறவை கண்ணுக்கே படாது, எப்படி முழுமை என்று இரண்டு வருடம் 'இல்லை' என்றே போட்டேன். அது கேட்பது வேறு: பார்த்து, கேட்டு அடையாளம் தெரிந்த எல்லாவற்றையும் எழுதினாயா, கொண்டைக்குருவிதானே என்று எதையாவது விட்டுவிட்டாயா? முழுமை என்றால்தான், பட்டியலில் வராத பறவை அன்று தென்படவில்லை என்று ஆய்வாளர் எடுத்துக்கொள்ள முடியும். என் இரண்டு வருடப் பட்டியல்கள் அதற்கு உதவாது. எண்ணிக்கையும் அப்படித்தான். வெள்ளைக்கண்ணிக் கூட்டம் கடந்து போனால் 'இருந்தது' என்று மட்டும் சொல்லும் 'எக்ஸ்' போடாமல் சுமாராக 25 என்றாவது எழுதலாம்.

மழைக்காலத்தில் ஈர விரலுக்குத் தொடுதிரை மசியாது. அப்போது பென்சிலும் சின்ன நோட்டும்தான். ராத்திரி கேம்பில் உட்கார்ந்து ஏற்றுவேன். காலில் ஏறிய அட்டையைப் பிடுங்கிக்கொண்டே போனில் தட்டுவதற்கு இது எவ்வளவோ தேவலை.

பகிர்வதில் மட்டும் எனக்கு அவசரம் இல்லை. இருவாச்சி கூடு வைத்த மரத்தடியில் எடுத்த பட்டியல்கள் மூன்று இன்னும் போனிலேயே கிடக்கின்றன. பெண் பறவை பொந்துக்குள் அடைந்து கிடக்கிறது, ஆண் பழம் கொண்டுவந்து ஊட்டுகிறது. கூடு இருக்கும் இடம் இப்போதே வெளியே தெரிய வேண்டாம். குஞ்சு பறக்கட்டும், அப்புறம் அனுப்புகிறேன்.