இ.இ.ஓ.சி. புகாரா, பிரிவு 1981 வழக்கா? அமெரிக்க வேலைத் தேர்வில் இனப் பாகுபாடு

இன்டர்வியூ நன்றாகப் போனது, தகுதியும் பொருந்தியது, ஆனாலும் இனத்தையோ நிறத்தையோ பார்த்து ஒதுக்கிவிட்டார்கள் என்று சந்தேகம். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் இதற்கு முக்கியமாக இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, 1964 சிவில் உரிமைச் சட்டத்தின் டைட்டில் 7. இதில் முதலில் சம வேலைவாய்ப்பு ஆணையத்தில், அதாவது இ.இ.ஓ.சி.யில், புகார் கொடுத்தாக வேண்டும். மற்றொன்று பிரிவு 1981. இது ஆண்டு அல்ல, பிரிவின் எண். சட்டம் 1866ஆம் ஆண்டினது. இதில் நேரே நீதிமன்றம் போகலாம்.

முதல் சல்லடை நிறுவனத்தின் அளவு. டைட்டில் 7 குறைந்தது 15 பேர் வேலை செய்யும் இடங்களுக்கே பொருந்தும். எட்டுப் பேர் உள்ள சிறு நிறுவனம் என்றால் பிரிவு 1981 மட்டுமே மிஞ்சும். அதற்கு ஆள் கணக்கு கிடையாது. முடிவெடுத்த மேலாளரைத் தனிப்பட்ட முறையில் பிரதிவாதியாகச் சேர்க்கவும் அதில் இடமுண்டு. டைட்டில் 7 நிறுவனத்தோடு நின்றுவிடும்.

அடுத்தது, எதைப் பாகுபாடு என்கிறோம் என்பது. பிரிவு 1981 இனத்துக்கானது. வம்சாவளி, இனக்குழு அடையாளம் ஆகியவையும் அதில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 1987இல் சொன்னது. ஆனால் ‘எந்த நாட்டில் பிறந்தவர்’ என்பது மட்டுமே காரணம் என்றால் அந்தப் பிரிவு கைகொடுக்காது. டைட்டில் 7 கைகொடுக்கும். மனுவில் “இந்தியாவிலிருந்து வந்தவன் என்பதால்” என்று மட்டும் எழுதிவிட்டு, இனம், வம்சாவளி பற்றி ஒரு வரிகூட இல்லாமல் விட்டால் வழக்கு ஆரம்பத்திலேயே சறுக்கும்.

பணத்தில் வித்தியாசம் பெரிது. டைட்டில் 7இல் மன உளைச்சல் முதலியவற்றுக்கான இழப்பீட்டுக்கும் தண்டனை இழப்பீட்டுக்கும் சேர்த்து உச்சவரம்பு உண்டு: 15 முதல் 100 ஊழியர்கள் வரை 50,000 டாலர், 200 வரை 1,00,000, 500 வரை 2,00,000, அதற்கு மேல் 3,00,000. இழந்த சம்பளம் இந்த வரம்புக்குள் வராது. பிரிவு 1981இல் வரம்பே இல்லை.

அப்படியானால் எல்லோரும் 1981க்கே போகலாமே என்று தோன்றும். நிரூபிப்பதில்தான் சிக்கல். 2020இல் காம்காஸ்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம், ‘இனம் குறுக்கே வராமலிருந்தால் இந்த இழப்பு நேர்ந்திருக்காது’ என்று காட்ட வேண்டும் என்றது. டைட்டில் 7இல் இனமும் ஒரு தூண்டுகோலாக இருந்தது என்று காட்டினாலே சட்டமீறல்தான். ஆனால், எப்படியும் இதே முடிவைத்தான் எடுத்திருப்போம் என்று நிறுவனம் நிரூபித்துவிட்டால் இழப்பீடு கிடையாது. நீதிமன்றத் தடையாணை, வக்கீல் கட்டணம் போன்றவற்றோடு சரி. எல்லோருக்கும் ஒரே மாதிரி வைத்த தேர்வு ஒரு இனத்தவரை மட்டும் அதிகம் வடிகட்டுகிறது என்ற வாதமும் (1971இன் கிரிக்ஸ் தீர்ப்பு) டைட்டில் 7இல் மட்டுமே எடுபடும். 1981இல் உள்நோக்கத்தைக் காட்டியே ஆக வேண்டும்.

இனி காலக்கெடு. பெரும்பாலோர் கோட்டை விடுவது இங்கேதான். இ.இ.ஓ.சி.க்கு 180 நாள். பாகுபாட்டைத் தடுக்கும் சட்டமும் அதற்கான அமைப்பும் உள்ள மாநிலங்களில் 300 நாள். நிராகரிப்பு மின்னஞ்சலே வராமல் மௌனமாக விட்டால் எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதே வழக்காகிவிடும். இன்டர்வியூ நாளிலிருந்து எண்ணுவதே பாதுகாப்பு. இணையத்தில் விவரம் கேட்டு அனுப்பும் விண்ணப்பம் புகார் அல்ல. ஆணைய அதிகாரியுடன் நேர்காணல் முடிந்து, எழுதித் தரும் புகாரில் கையொப்பமிட்டால்தான் அது புகாராகக் கணக்கில் வரும். பிறகு ஆணையத்திடமிருந்து வழக்குத் தொடரும் உரிமைக் கடிதம் வந்ததும் 90 நாளுக்குள் நீதிமன்றத்தில் இருக்க வேண்டும். (கூட்டாட்சி அரசு வேலை என்றால் பாதையே வேறு: அந்தத் துறையின் ஆலோசகரை 45 நாளுக்குள் அணுக வேண்டும்.)

பிரிவு 1981க்கு நான்கு ஆண்டு என்பது பெரும்பாலும் வேலையில் சேர்ந்தபின் நடக்கும் பாகுபாட்டுக்குத்தான். வேலை தர மறுத்ததற்கான வழக்குக்குப் பொதுவாக அந்தந்த மாநிலத்தின் காலக்கெடு பொருந்தும், பல மாநிலங்களில் இரண்டு அல்லது மூன்று ஆண்டு. தாராளம்தான், ஆனால் இந்தத் தாராளம் ஏமாற்றும். விண்ணப்பங்கள், இன்டர்வியூ குறிப்புகளை நிறுவனம் பொதுவாக ஓராண்டு வைத்திருந்தால் போதும் என்பதே விதி. இ.இ.ஓ.சி. புகார் வந்துவிட்டால் மட்டும், அது தீரும்வரை தொடர்புடைய எதையும் அழிக்கக் கூடாது. இரண்டாவது ஆண்டில் வழக்குப் போடுபவருக்கு, வேலை கிடைத்தவரின் தகுதி என்ன, யார் எத்தனை மதிப்பெண் போட்டார்கள் என்று காட்டும் காகிதமே இல்லாமல் போகலாம். 15 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனம் என்றால், 1981ஐ நம்பியிருந்தாலும் புகாரை முதலில் போட்டுவிடுவதே புத்திசாலித்தனம், கட்டணமும் இல்லை. ஆனால் புகார் நிலுவையில் இருக்கிறது என்று 1981இன் கடிகாரம் நிற்காது. 1975லேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. ஆணையத்தின் பதிலுக்காகக் காத்திருந்து அந்தக் காலக்கெடுவைத் தொலைக்கக் கூடாது.

எந்த வழியானாலும், நேரடிச் சான்று இல்லாதபோது நீதிமன்றம் பெரும்பாலும் பார்ப்பது 1973இன் மெக்டானல் டக்ளஸ் சட்டகத்தை: சட்டம் காக்கும் பிரிவைச் சேர்ந்தவர், தகுதியோடு விண்ணப்பித்தார், நிராகரிக்கப்பட்டார், அதன்பிறகும் அதே தகுதியுள்ள ஆளைத் தேடினார்கள். இவ்வளவும் காட்டினால் நிறுவனம் ஒரு காரணம் சொல்லும். அது சாக்கு என்று காட்டுவது விண்ணப்பித்தவர் பொறுப்பு. சாக்கு வெளிப்படுவது பெரும்பாலும் காரணம் மாறும்போதுதான். மின்னஞ்சலில் ‘அனுபவம் போதாது’ என்றவர்கள் ஆணையத்துக்கு எழுதும் பதிலில் ‘எங்கள் குழுவோடு ஒத்துவராது’ என்பார்கள். அதனால் நிராகரித்த அதே வாரத்தில் காரணத்தைப் பணிவாக எழுத்தில் கேட்டுவிடுங்கள். வேலை விளம்பரத்தை அது மறைவதற்குள் படமெடுத்து வையுங்கள். கேட்ட கேள்விகளை, கேட்டவர் பெயரோடு, அன்றே எழுதி வையுங்கள்.