வேலூரில் கம்ப்யூட்டர் அப்கிரேட்: மேல் ஸ்டிக்கரில் 650 வாட், அடியில் 192 வாட்

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை பக்கம் யாராவது விமானச் சண்டை சிமுலேட்டருக்காக வீட்டுக் கம்ப்யூட்டரை அப்கிரேட் செய்யும் எண்ணத்தில் இருந்தால், கடையில் பணத்தைக் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். ஊருக்குள் எப்போதும் கூட்டமாக இருக்கும் ஒரு கடையில் ரூ. 45,000-க்கு மேல் கொடுத்துவிட்டு நான் பட்ட பாட்டை எழுதுகிறேன். புகார் நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயரைப் போடவில்லை. இதே ஏமாற்று வேலையை எந்தக் கடையிலும் செய்ய முடியும். அதனால் எதை வைத்துக் கண்டுபிடித்தோம் என்பதைக் கவனமாகப் பாருங்கள்.

என்னிடம் இருந்தது ஐ5-10400 பிராசசர், 8 ஜிபி ராம் இரண்டு, ஒரு பழைய ஹார்டு டிஸ்க். ஆபீஸ் வேலைக்கும் பிள்ளைகள் படிப்புக்கும் வாங்கிய மெஷின். நான் அரக்கோணத்துப் பக்கம் வளர்ந்தவன். 1992-இல் அங்கே ஐஎன்எஸ் ராஜாளி என்ற கடற்படை விமானத் தளம் வந்த பிறகு, தலைக்கு மேல் போகும் டியு-142 ரோந்து விமானத்தைப் பார்த்தே வளர்ந்த பையன்களில் ஒருவன். டிசிஎஸ் வேர்ல்ட் என்ற விமானச் சண்டை சிமுலேட்டரில் மிக்-21 பிஸ் போர் விமானத்தை ஓட்ட வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. நம் விமானப்படையில் 1963-இல் சேர்ந்து, 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் விடைபெற்ற மிக்-21 வரிசையில் ஒன்று அது. அதை ஓட்ட என் மெஷின் போதாது என்று தெரிந்துதான் கடைக்குப் போனேன்.

பேசி முடித்தது இதுதான்: ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு, 12 ஜிபி மாடல். 16 ஜிபி ராம் இரண்டு. 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, அதாவது ஹார்டு டிஸ்கைவிட வேகமான சேமிப்பு. 650 வாட் எஸ்எம்பிஎஸ், அதாவது எல்லாவற்றுக்கும் கரண்ட் பிரித்துக் கொடுக்கும் பெட்டி. எல்லாம் புதுசு. பழைய ராம் இரண்டையும் திருப்பித் தர வேண்டும். பில் கேட்டேன். "பில்லு போட்டா 18 பர்சென்ட் ஜிஎஸ்டி சேரும் சார், எதுக்கு வீணா?" என்றார் ஓனர். பரவாயில்லை, சேரட்டும், பில் வேண்டும் என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு, ஒரு துண்டுச் சீட்டில் எஸ்டிமேட் என்று எழுதிக் கொடுத்தார். ஜிபே கணக்கு கடை பெயரில் இல்லை, ஒரு தனி ஆளின் பெயரில் இருந்தது. மெஷினை எடுக்கப் போனபோது பில் புத்தகம் ஆடிட்டரிடம் இருக்கிறதாம், வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவாராம். அட்டைப்பெட்டிகள் குடோனில் இருக்கிறதாம். அந்த பில் இன்று வரை வரவில்லை.

வீட்டில் டிசிஎஸ் இறக்கி, அதோடு இலவசமாக வரும் சு-25டி விமானத்தில் ஏறினேன். மெனுவில் ஒன்றும் இல்லை. விளையாட்டில் வரும் பதூமி என்ற ஊரிலிருந்து கிளம்பி நகரத்துக்கு மேலே திரும்பும்போது படம் திக்கித் திக்கி நின்றது. கொஞ்ச நேரத்தில் திரை கறுத்து, மெஷின் தானாக ரீஸ்டார்ட் ஆனது. மறுபடி போட்டால் மறுபடி அதே கதை.

கடையில் ஒவ்வொரு முறையும் ஒரு காரணம். முதலில் "கேம் பிரச்சினை சார், கிராக் வெர்ஷனா இருக்கும்" என்றார்கள். டிசிஎஸ் அடிப்படை விளையாட்டே இலவசம், அதற்கு எதற்குக் கிராக் போட்ட திருட்டு வெர்ஷன்? அப்புறம் விண்டோஸ் கரப்ட் என்று சொல்லி பார்மேட் செய்து, அதற்கும் காசு வாங்கினார்கள். லைசென்ஸ் இருந்த விண்டோஸை அழித்துவிட்டுத் திருட்டு விண்டோஸ் போட்டு, வைரஸைத் தடுக்கும் டிஃபெண்டரையும் அணைத்து வைத்திருந்தார்கள் என்பது பிறகு தெரிந்தது. அப்புறம் வேலூர் வெயில். அப்புறம் வோல்டேஜ், அதற்கு ஒரு ஸ்டெபிலைசர் விற்கப் பார்த்தார்கள். கடையில் வைத்து 4கே வீடியோ ஒன்றை ஓட்டி, "பாருங்க சார், சூப்பரா ஓடுது" என்று காட்டுவார்கள்.

இங்கேதான் சிமுலேட்டர்காரர்கள் ஏமாறுகிறார்கள். வீடியோ ஓட்டினால் மெஷினுக்குச் சுமையே இல்லை. கடையில் சோதிக்கும் சுடும் விளையாட்டுகள் பலவும் சின்ன மைதானத்துக்குள் நடப்பவை. டிசிஎஸ்ஸில் ஒரு நாட்டளவு நிலப்பரப்பு, அதில் நகரும் டாங்கிகள், ஏவுகணைகள், மற்ற விமானங்கள் எல்லாவற்றையும் பிராசசர் ஒரே நேரத்தில் கணக்குப் போட வேண்டும். 2023-இல் பிராசசருக்குள் தனித்தனியாகக் கணக்குப் போடும் பல கோர்களைப் பயன்படுத்தும் வசதி வரும் வரை பெரும்பாலான சுமை ஒரே கோரின் தலையில்தான் விழுந்தது. இன்னொரு பக்கம் காக்பிட் படங்களும் தரைப் படங்களும் கார்டின் மெமரியை அடைத்துக்கொள்கின்றன. இந்தச் சுமை ஒரு மணி நேரம் விடாமல் நிற்கும். மட்டமான சாமான் எதுவாக இருந்தாலும் அதற்குள் காட்டிக்கொடுத்துவிடும். கடைக்காரர் "மத்த கேம் எல்லாம் ஓடுதே" என்றால் அதை ஒரு பதிலாக ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

சரி, இனி நாமே பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். கூட இருந்தவர் என் மச்சான், ராணிப்பேட்டை பெல் (பிஎச்இஎல்) ஆலையில் மின்சாரப் பிரிவில் வேலை பார்ப்பவர். முதலில் சேவ்டு கேம்ஸ் போல்டரில் டிசிஎஸ் எழுதி வைக்கும் லாக் கோப்பைத் திறந்தோம். விளையாட்டு தானாகவே செத்திருந்தால் கடைசியில் பிழைச் செய்தி இருக்கும். டிரைவர் விழுந்திருந்தால் அதற்கும் தனிச் செய்தி இருக்கும். எங்கள் லாக் ஒரு வரியின் நடுவிலேயே அறுந்து போயிருந்தது. நடந்ததை விண்டோஸ் குறித்து வைக்கும் ஈவென்ட் வியூவரில் அதே நேரத்துக்கு கெர்னல்-பவர் 41, அதாவது மெஷின் ஒழுங்காக அணையாமல் நின்றது என்ற பதிவு இருந்தது. விண்டோஸ் தானே விழுந்திருந்தால் எண் வரும் பக்செக் கோட் இடத்தில் பூஜ்யம் இருந்தது. அதாவது விண்டோஸ் எதையும் எழுதி வைக்க நேரமில்லாமல் கரண்ட் போயிருக்கிறது. மச்சான் சுவர் பிளக்கில் மீட்டர் வைத்துப் பார்த்தார். ஆட்டமில்லாமல் 230-ஐ ஒட்டி நின்றது. வெப்பத்தையும் பார்த்தோம். அக்னி நட்சத்திர நேரம்தான், ஆனால் பிராசசரும் கார்டும் ரீஸ்டார்ட் ஆகும் அளவுக்குச் சூடாகவில்லை.

அடுத்தது செலவில்லாத சோதனை. கார்டு எவ்வளவு கரண்ட் இழுக்கலாம் என்ற பவர் லிமிட்டைக் குறைத்து, திரையில் வரும் படத்தை நொடிக்கு 30 பிரேமுக்குக் கட்டிவிட்டு அதே மிஷனை ஓட்டினோம். சாயங்காலம் முழுக்க ஒரு ரீஸ்டார்ட் கூட இல்லை. லிமிட்டைப் பழையபடி ஏற்றினோம், கொஞ்ச நேரத்தில் அணைந்துவிட்டது. எஸ்எம்பிஎஸ் மேல் சந்தேகம் வந்தால் யாரும் வீட்டிலேயே இதைச் செய்து பார்க்கலாம்.

மச்சான் கேபினெட் மூடியைக் கழற்றினார். எஸ்எம்பிஎஸ் மேல் பளபளவென்று ஒரு ஸ்டிக்கர், தங்க எழுத்தில் 650 வாட். ஒரு மூலை தூக்கிக்கொண்டிருந்தது. நகத்தால் நெருடி உரித்தார். அடியில் இன்னொரு லேபிள், மங்கிய கறுப்பு எழுத்தில். 12 வோல்ட் வரிசைக்கு நேரே 16 ஆம்பியர் என்று இருந்தது. "மாமா, பன்னெண்டைப் பதினாறால பெருக்கிப் பாருங்க" என்றார். 192 வாட். ஆர்டிஎக்ஸ் 3060 கார்டுக்கு மட்டும் 170 வாட் வேண்டும். பிராசசருக்கு 65 வாட் என்று போட்டிருந்தாலும் முழு வேகத்தில் அது இரண்டு மடங்கு வரை இழுக்கும். எப்படித் தாங்கும்?

அதைவிடப் பதற வைத்தது கார்டுக்குப் போன வயர். கார்டுக்கு வேண்டிய 8 பின் பிளக் இந்த எஸ்எம்பிஎஸ்ஸில் கிடையவே கிடையாது. ஹார்டு டிஸ்குக்குப் போகும் பழைய நாலு பின் பிளக் இரண்டை ஒரு கன்வெர்ட்டரில் சேர்த்து 8 பின்னாக்கி மாட்டியிருந்தார்கள். அசல் 8 பின்னில் 12 வோல்ட்டை மூன்று கம்பிகள் சுமக்கும். இதில் இரண்டே மஞ்சள் கம்பிகள், அதுவும் மெல்லியவை. ஒரு பிளக்கின் வெள்ளைப் பிளாஸ்டிக் மஞ்சள் கம்பி நுழையும் இடத்தில் பழுப்பேறி, ஓரம் இளகி மடங்கியிருந்தது. மூக்கருகே கொண்டு போனால் கருகல் வாடை. பிள்ளைகள் படுத்துத் தூங்கும் அறையில் இருக்கும் மெஷின் இது. பணம் போனதைக்கூட விட்டுவிடலாம், இதை விட முடியாது.

ஒரு விஷயம்: எஸ்எம்பிஎஸ் லேபிளை வெளியிலிருந்து மட்டும் படியுங்கள், பெட்டியைப் பிரிக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டர் சார்ஜ் வைத்திருக்கும்.

படம் திக்குவதற்கான காரணம் கார்டில் இருந்தது. ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைப் போட்டதும் மெமரி 8 ஜிபி, மெமரிக்குப் போகும் பாதையான பஸ்ஸின் அகலம் 128 பிட் என்று வந்தது. 3060 என்ற ஒரே பெயரில் இரண்டு மாடல்கள் உண்டு. 12 ஜிபி மாடலுக்கு 192 பிட் பஸ், அதில் நொடிக்கு 360 ஜிபி போகும். 8 ஜிபி மாடலுக்கு 128 பிட், நொடிக்கு 240 ஜிபி. பெயரும் கோர் எண்ணிக்கையும் ஒன்றுதான், அதனால் அட்டைப்பெட்டி இல்லாமல் மாட்டிக் கொடுத்தால் பார்வைக்குத் தெரியாது. இதைக் கடையில் காட்டியதும், "12-ல 8 தான் சார் காட்டும், மீதி ஷேர்டு மெமரி" என்று ஒரு பையன் விளக்கம் சொன்னான். ஷேர்டு மெமரி என்பது ராமிலிருந்து கடன் வாங்குவது, கார்டில் இருப்பது அல்ல. டாஸ்க் மேனேஜரில் டெடிகேட்டட் என்று காட்டும் அளவுதான் கார்டின் சொந்த மெமரி.

எஸ்எஸ்டி புதுசு என்றார்கள். கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் அது ஓடிய நேரம் 9,000 மணிக்கு மேல் காட்டியது. ஒரு முழு வருடத்துக்கே 8,760 மணிதான். ராம் இரண்டு என்று பேசியதற்குப் பதில் 32 ஜிபி ஒன்றே ஒன்று இருந்தது. அதனால் இரண்டு ராம் சேர்ந்து வேகம் கொடுக்கும் டூயல் சேனல் போச்சு. என் பழைய ராம் இரண்டும் திரும்பி வரவில்லை.

கடை மேல் இல்லாத பழியைப் போட விரும்பவில்லை. 3200 என்று எழுதிய ராம் 2666-இல் ஓடியது அவர்கள் குற்றமில்லை, 10400 பிராசசரின் வரம்பு அதுதான். ஜாய்ஸ்டிக் அவ்வப்போது துண்டித்துக்கொண்டதற்கும் கடை காரணமில்லை. விண்டோஸ் பவர் செட்டிங்கில் சும்மா இருக்கும் யுஎஸ்பி சாமானைத் தூங்க வைக்கும் யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டை அணைத்ததும் சரியாகிவிட்டது.

எல்லாவற்றையும் போட்டோ எடுத்து, உரித்த ஸ்டிக்கரோடு ஓனரிடம் போனோம். "நீங்களே பிரிச்சிட்டீங்க சார், இனிமே எங்க பொறுப்பு இல்ல" என்றார். மேலும் பேசியதும், இன்னும் மூவாயிரம் கொடுத்தால் வேறு எஸ்எம்பிஎஸ் மாட்டித் தருவதாகச் சொன்னார். கார்டைப் பற்றி வாயே திறக்கவில்லை. கடையில் நின்ற மற்ற வாடிக்கையாளர்கள் முன்னால் எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது என்ற மாதிரி பேசியது இன்னும் ஆறவில்லை.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்தேன். கடைக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பினேன், பதில் இல்லை. இப்போது வேலூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராமல் இருப்பதும், குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் முறையற்ற வணிக நடவடிக்கைகள். பில்லில் காலக்கெடு போடவில்லை என்றால் 30 நாளுக்குள் எடுத்துக்கொண்டு பணத்தைத் தர வேண்டும். ரூ. 5 லட்சம் வரை கொடுத்து வாங்கியதற்கு மனுக் கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமல் நாமே ஆஜராகலாம்.

மெஷினை அப்படியே போட்டு வைக்க முடியாதே. சென்னை ரிச்சி தெருவில் பில்லோடு ஒரு 650 வாட் எஸ்எம்பிஎஸ் வாங்கினேன். அதன் லேபிளில் 12 வோல்ட்டுக்கு 54 ஆம்பியர், அதாவது 648 வாட். கையில் தூக்கினாலே கனம் தெரிந்தது. மாட்டிய பிறகு ஒருமுறை கூட ரீஸ்டார்ட் ஆகவில்லை. 8 ஜிபி கார்டை வைத்துத்தான் இப்போதைக்கு ஓட்டுகிறேன்: டெக்ஸ்சர் மீடியம், தரைப் படம் லோ, படத்தின் ஓரங்களை வழவழப்பாக்கும் எம்எஸ்ஏஏ-வுக்குப் பதில் கார்டின் சுமையைக் குறைக்கும் டிஎல்எஸ்எஸ். நகரத்துக்கு மேலே போனாலும் திக்கவில்லை.

கடையில் மாட்டக் கொடுக்கிறவர்கள் பெட்டிகளைக் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள், சீரியல் நம்பரைப் போட்டோ எடுங்கள், அந்த நம்பர் பில்லில் ஏறுகிறதா என்று பாருங்கள். மேலே சொன்ன இலவச மென்பொருள்களைப் பென் டிரைவில் கொண்டு போய் அங்கேயே ஓட்டுங்கள். மறுக்கும் கடையில் வாங்காதீர்கள். ஏற்கெனவே பில் இல்லாமல் மாட்டியிருந்தால் ஜிபே பதிவு, வாட்ஸ்அப் பேச்சு, எஸ்டிமேட் சீட்டு எதையும் அழித்துவிடாதீர்கள். என் மனுவோடு நான் வைத்திருக்கும் ஆதாரமும் இவைதான். மனு கொடுக்க இரண்டு வருடம் அவகாசம் உண்டு.