மாணவர் குழுவின் கையில் ட்வைன்: ஒரு பயன்பாட்டு மதிப்புரை

கடந்த பருவத்தில் எங்கள் கல்லூரியின் மாணவர்கள் ஐந்து பேர், தங்கள் இறுதியாண்டுத் திட்டப்பணியாகத் தமிழில் ஒரு புதிர்க்கதை விளையாட்டை உருவாக்கினார்கள். மூவர் கணினிப் பயன்பாட்டியல் படிப்பவர்கள், இருவர் தமிழிலக்கியம் படிப்பவர்கள். எட்டு வாரங்கள் நீண்ட அந்தப் பணிக்கு அவர்கள் பயன்படுத்திய முதன்மைக் கருவி ட்வைன் என்னும் மென்பொருள். அது எங்கெல்லாம் கைகொடுத்தது, எங்கெல்லாம் நாங்களாகவே வழி தேட வேண்டியிருந்தது என்பதை, வழிகாட்டிய ஆசிரியர் என்ற முறையில் இங்கே பதிவு செய்கிறேன். தமிழில் இப்படியொரு பணியைத் தொடங்குபவர்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டிய செய்திகள் சில உள்ளன. அவற்றை நாங்கள் தட்டுத் தடுமாறித்தான் கற்றோம்.

ட்வைனைக் கிறிஸ் கிளைமாஸ் என்பவர் 2009இல் வெளியிட்டார். இது கட்டற்ற மென்பொருள். கட்டணம் எதுவும் இல்லை. விண்டோஸ், மேக், லினக்ஸ் ஆகிய மூன்றிலும் நிறுவிக்கொள்ளலாம், நிறுவாமல் உலாவியிலேயே திறந்தும் எழுதலாம். கதையைச் சிறு சிறு பகுதிகளாக எழுதி, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு இணைப்புக் கொடுத்துக்கொண்டே போவதுதான் இதன் அடிப்படை. அந்தப் பகுதியை ட்வைன் 'பாசேஜ்' என்கிறது. எங்கள் குழுவில் அதற்குக் 'கட்டம்' என்ற பெயர் நிலைத்துவிட்டது. [[கிணற்றடி]] என்று இரட்டைச் சதுர அடைப்புக்குள் எழுதினால் போதும், கிணற்றடி என்ற புதிய கட்டம் தானாக உருவாகி, அதை நோக்கி ஓர் அம்புக்குறியும் வரையப்பட்டுவிடும். முடிவில் முழுக் கதையும் ஒரே எச்டிஎம்எல் கோப்பாக வெளிவரும். அதை எந்த உலாவியிலும் இணையத் தொடர்பு இல்லாமலே திறந்து விளையாடலாம்.

ட்வைனின் பெரும் பலம், கட்டங்களும் அம்புகளும் நிறைந்த அந்த வரைபடம்தான் என்பது என் உறுதியான கருத்து. குழுவாக எழுதும் கதையில் வழக்கமாக நேரும் சிக்கல், ஒவ்வொருவர் மனத்திலும் வெவ்வேறு கதை ஓடிக்கொண்டிருப்பதாகும். முதல் வாரத்தில் எங்களுக்கும் அதுதான் நேர்ந்தது. கொற்கைத் துறைமுகத்தையும் முத்துக்குளிப்பையும் பின்னணியாகக் கொண்டு, தாமிரபரணிக் கரையில் ஒரு பழைய வீட்டில் தாத்தா விட்டுச்சென்ற பெட்டியைத் திறப்பது எங்கள் கதை. பெட்டியைத் திறந்ததும் கதை முடிந்துவிட வேண்டும் என்று ஒருவர் எண்ணியிருந்தார். அங்கேதான் கதை தொடங்க வேண்டும் என்று இன்னொருவர் எண்ணியிருந்தார். பேச்சில் இந்த வேறுபாடு வெளிப்படவே இல்லை. கட்டங்களைத் திரையில் விரித்து, அம்புகள் எங்கே குவிகின்றன, எங்கே தொடர்பற்று நிற்கின்றன என்று பார்த்த பிறகே வெளிப்பட்டது. நிரல் எழுதத் தெரியாத தமிழ் மாணவர்களும் திரைமுன் நின்று, "இந்த இடத்தில் விளையாடுபவருக்குச் சலிப்பு வரும்" என்று விரல் வைத்துச் சொல்ல முடிந்தது. கட்டத்தின் பெயரை மாற்றினால் அதை நோக்கிய இணைப்புகளும் தாமாகவே மாறிக்கொள்கின்றன. இல்லாத கட்டத்தை நோக்கும் இணைப்பு சிவப்பில் தெரிகிறது. இவை சிறிய வசதிகளாகத் தோன்றலாம். நூற்று நாற்பது கட்டங்களைத் தாண்டிய பிறகு இவை இல்லாமல் ஒரு நாளும் ஓட்டியிருக்க முடியாது.

வரைபடம் மற்றொரு பாடத்தையும் கற்றுத்தந்தது. ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு தேர்வுகள் வைத்து, எதையும் மீண்டும் இணைக்காமல் பத்துப் படிகள் சென்றால் 1,024 முடிவுகளை எழுத வேண்டிவரும். கணக்காகச் சொன்னபோது மாணவர்கள் தலையாட்டினார்கள்; நான்காம் படியிலேயே திரை நிரம்பி வழிந்தபோதுதான் உணர்ந்தார்கள். பிரிந்த கிளைகளை மீண்டும் ஒரு முற்றத்துக்கோ ஒரு படிக்கட்டுக்கோ கொண்டுவந்து சேர்த்து, விளையாடுபவர் செய்தவற்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளும் முறைக்கு அதன் பிறகு மாறினோம்.

இனிக் குறைகளுக்கு வருகிறேன். ட்வைன் ஒரு தனி எழுத்தாளருக்காக வடிவமைக்கப்பட்ட கருவி. ஒரே கதையில் பலர் ஒரே நேரத்தில் எழுதும் வசதி அதில் இல்லை. உலாவியில் எழுதும்போது கதை அந்தக் கணினியின் உலாவிச் சேமிப்பில் மட்டுமே இருக்கும்; உலாவித் தரவை அழித்தால் கதையும் போய்விடும். எங்கள் ஆய்வகக் கணினிகள் ஒவ்வொரு முறை அணைக்கப்படும்போதும் பயனர் தரவை அழித்துவிடும்படி அமைக்கப்பட்டிருந்தன என்பதை நாங்கள் விசாரித்து வைத்திருக்கவில்லை. விளைவாக, இரண்டாம் வாரத்தின் இறுதியில் ஒரு மாணவி எழுதிய இருபத்திரண்டு கட்டங்கள் மறைந்தன. அவற்றை அவர் நினைவிலிருந்து மீண்டும் எழுதினார். முன்பைவிட நன்றாகவே எழுதினார் என்றாலும், அந்த ஒரு வாரத்தின் இழப்பை இறுதிவரை ஈடுகட்ட முடியவில்லை. ஆகவே, கணினியில் நிறுவும் பதிப்பையே பயன்படுத்துங்கள். உலாவிப் பதிப்பைத்தான் பயன்படுத்தியாக வேண்டும் என்றால், எழுந்து போகும் முன் கதைக் கோப்பைப் பதிவிறக்கிக்கொள்ளும் பழக்கத்தை முதல் நாளிலேயே கட்டாயமாக்குங்கள்.

ஐவரின் பகுதிகளை ஒன்றுசேர்ப்பதும் எளிதாக இல்லை. இதற்கு எங்களுக்கு உதவியது ட்வீகோ என்னும் துணைக்கருவி. ட்வைன் கதையை 'ட்வீ' என்னும் எளிய உரைவடிவில் எழுதவும் முடியும். அப்படி ஆளுக்கொரு கோப்பாக எழுதியவற்றை ஒரே அடைவில் வைத்தால், ட்வீகோ அவற்றைத் தொகுத்து ஒரே விளையாட்டாக்கிவிடும். ஆனால் இது கட்டளை வரியில், அதாவது கட்டளைகளைத் தட்டச்சு செய்து இயக்க வேண்டியது. எனவே தொகுப்பாளர் என்ற பொறுப்பைக் கணினி மாணவர் ஒருவருக்குக் கொடுத்தோம். ஒவ்வொருவரும் தம் கட்டங்களின் பெயருக்கு முன்னால் இடத்தின் பெயரைச் சேர்த்து எழுத வேண்டும் என்பது அவர் விதித்த ஒரே விதி. 'வாசல்' என்ற பெயரில் மூவர் மூன்று கட்டங்கள் எழுதியிருந்ததைக் கண்ட பிறகு வந்த விதி அது.

ட்வைனில் கதை எந்த வடிவத்தில் இயங்க வேண்டும் என்பதைத் தேர்ந்தெடுக்கலாம். இயல்பாக வருவது ஹார்லோ. சுகர்க்யூப், சாப்புக், ஸ்னோமேன் ஆகியவையும் உண்டு. நாங்கள் சுகர்க்யூப்பைத் தேர்ந்தெடுத்தோம். ஆட்டத்தைச் சேமித்து வைத்துப் பிறகு தொடரும் வசதி அதில் முன்கூட்டியே அமைந்திருக்கிறது என்பதே காரணம். புதிர் நிறைந்த நீண்ட கதைக்கு அது தேவை. விளையாடுபவரின் பெயர் போன்றவற்றை நினைவில் வைத்திருக்கும் 'மாறி'களின் பெயர்களைச் சுகர்க்யூப்பில் ஆங்கில எழுத்துகளில்தான் எழுத முடியும்; கட்டங்களின் பெயர்களும் உரையும் முழுவதும் தமிழில் இருக்கலாம்.

தமிழில் எழுதும்போது எழும் சிக்கல்களைப் பற்றி எங்கும் போதிய குறிப்புகள் கிடைக்காததால், அவற்றைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். முதலாவது, தேர்வுகளின் மொழிநடை. ஆங்கில விளையாட்டுகளைப் பார்த்துப் பழகிய மாணவர்கள் 'கதவைத் திற', 'கிணற்றைப் பார்' என்று எழுதியிருந்தார்கள். தமிழிலக்கிய மாணவர் ஒருவர், "ஐயா, இது விளையாடுபவரை அதட்டுவது போல இருக்கிறதே" என்றார். அவர் சொன்னது சரி. 'திறக்கவும்' என்றால் அலுவலக அறிவிப்பாகிவிடுகிறது. நீண்ட பேச்சுக்குப் பின், தேர்வுகள் அனைத்தையும் விளையாடுபவரின் வாயிலிருந்து வருவதாக, 'கதவைத் திறக்கிறேன்', 'இப்போது வேண்டாம், மேலே போகிறேன்' என்று மாற்றினோம். விளையாடியவர்கள் கதைக்குள் இருப்பதாக உணர்ந்ததற்கு இந்த ஒரு மாற்றமே பெருங்காரணம் என்று நான் நம்புகிறேன்.

இரண்டாவது, பெயரும் வேற்றுமை உருபும். விளையாடுபவரின் பெயரைக் கேட்டு வாங்கி, வாக்கியங்களுக்கு நடுவே அதை இட்டு நிரப்புவது இத்தகைய விளையாட்டுகளில் வழக்கம். தமிழில் பெயர் அப்படியே நிற்பதில்லை. மாறன் 'மாறனை' ஆகும், கயல்விழி 'கயல்விழியை' ஆகும், முத்து 'முத்துவை' ஆகும். மாறியின் பின்னால் ஐகாரத்தை ஒட்டினால் 'மாறன்ஐ' என்று கிடைக்கும். புணர்ச்சி விதிகளை நிரலாக எழுத ஒரு மாணவர் முயன்று, பாதிவழியில் கைவிட்டார். பெயர் எழுவாயாகவோ விளியாகவோ மட்டும் வரும்படி வாக்கியங்களைத் திருத்தி எழுதுவதே நடைமுறைக்கு ஏற்றதாக இருந்தது. வினைமுற்றில் பால் வெளிப்படும் சிக்கலும் இதனுடன் சேர்ந்தது. 'நீங்கள்' என்ற முன்னிலையை முழுக்கதையிலும் கையாண்டதால் அதிலிருந்து தப்பினோம்.

மூன்றாவது, எங்களை மிகுதியாக அலைக்கழித்தது. தாத்தாவின் பெட்டியைத் திறக்க விளையாடுபவர் 'கொற்கை' என்று தட்டச்சு செய்ய வேண்டும். ஒருவர் சரியாகவே எழுதினார், விளையாட்டு தவறு என்றது. அதே சொல்லை நான் எழுதினால் ஏற்றுக்கொண்டது. இரண்டு நாள் தேடிய பிறகு காரணம் தெரிந்தது. 'கொ' என்ற எழுத்தை, கணினிகள் எழுத்துகளைச் சேமிக்கப் பயன்படுத்தும் ஒருங்குறி என்னும் குறியீட்டு முறையில் இருவகையாகச் சேமிக்கலாம்: ககரத்துடன் ஒகரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்ப்பது ஒரு முறை, எகரக் குறியையும் கால் குறியையும் தனித்தனியே சேர்ப்பது மற்றொரு முறை. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினி ஒப்பிடும்போது இரண்டும் வேறு. ஜாவாஸ்கிரிப்ட் என்னும் நிரல்மொழியில் உள்ள 'நார்மலைஸ்' என்னும் செயல்பாட்டைக் கொண்டு விடையை ஒரே வடிவுக்குக் கொண்டுவந்து ஒப்பிட்டால் இது தீர்ந்துவிடும். விடையின் முன்னும் பின்னும் விழும் இடைவெளிகளையும் அப்போதே நீக்கிவிட வேண்டும். ஒகர, ஓகார, ஔகார எழுத்துகள் வரும் எந்த விடைக்கும் இது பொருந்தும். ஸ்ரீ என்ற எழுத்துக்கும் இருவேறு குறியீட்டுத் தொடர்கள் உண்டு என்றாலும், அவற்றை இந்தச் செயல்பாடு ஒன்றாக்காது என்பதால், அந்த எழுத்து வரும் விடைகளைத் தவிர்த்தோம்.

தமிழிலேயே எழுதியதால் கிடைத்த புதிர்களும் உண்டு. வீட்டிலிருந்த மற்றொரு மரப்பெட்டியின் பூட்டுக்கு விடை, தமிழ் எழுத்துகளின் எண்ணிக்கையான 247; அதாவது உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, உயிர்மெய் இருநூற்றுப் பதினாறு, ஆய்தம் ஒன்று. வீட்டுச் சுவரில் கிறுக்கியிருந்த தமிழ் எண்களை முதலில் அடையாளம் கண்டவர்கள் ௨௱௪௰௭ என்று பழைய முறையிலும் எழுதலாம், ௨௪௭ என்றும் எழுதலாம். மூன்று வடிவங்களையும் ஏற்குமாறு நிரலை அமைத்தார்கள். மாணவர்கள் தாங்களாகவே கண்டுபிடித்த இந்தப் புதிர்தான் முழு விளையாட்டிலும் எனக்கு மிகவும் பிடித்தது.

புதிர்களைப் பொறுத்தவரை ட்வைன் வரைபடத்தின் எல்லையையும் சொல்லியாக வேண்டும். இணைப்பு இருப்பதை அது காட்டும். எந்த நிபந்தனையின் கீழ் அந்த இணைப்பு திறக்கும் என்பதைக் காட்டாது. எங்கள் கதையில் கயிறு ஒன்று கிடைக்கும். அதைக் கிணற்றில் வாளி இறக்கப் பயன்படுத்தியவர், பிறகு பரணில் ஏற அதே கயிறு தேவைப்படும்போது வழியின்றி நின்றுவிடுவார். வரைபடத்தில் எல்லா அம்புகளும் சரியாகவே இருந்தன. இதைத் தடுக்க, ஒவ்வொரு புதிருக்கும் என்ன பொருள் வேண்டும், அது எங்கே கிடைக்கும், தீர்த்தால் என்ன திறக்கும் என்பதைக் கரிக்கோலால் ஒரு பெரிய தாளில் பின்னிருந்து முன்னாக வரைந்து சுவரில் ஒட்டினோம். அந்தத் தாளை முதல் வாரத்திலேயே வரைந்திருக்க வேண்டும்.

நகர்த்தும் புதிர் ஒன்றையும் சேர்க்க விரும்பி, பசில்ஸ்கிரிப்ட் என்னும் மற்றொரு கருவியையும் முயன்றோம். ஸ்டீபன் லாவெல் 2013இல் வெளியிட்ட இதுவும் இலவசமே. 1982இல் ஜப்பானில் வெளிவந்த சோகோபான் போன்ற, பெட்டிகளைத் தள்ளும் ஆட்டங்களைச் சில வரிகளில் உருவாக்கிவிடலாம். ஆனால் தமிழ் எழுத்துகளை அதில் காட்ட எங்களால் இயலவில்லை; ஆகவே சொற்களே இல்லாத ஒரு சிறு ஆட்டமாக அதைத் தனியே இணைத்தோம். கதை வேண்டாம், புதிர் மட்டும் போதும் என்ற குழுவுக்கு ட்வைனைவிட இதையே பரிந்துரைப்பேன். படங்களும் பாத்திரங்களின் முகங்களும் முதன்மையாக அமையும் கதைக்கு ரென்பை என்னும் கருவி பொருத்தமானது. அதற்குக் குழுவில் ஓவியம் வரைபவர் ஒருவர் இருக்க வேண்டும்.

வெளியீட்டைப் பற்றி ஒரு சொல். படங்களும் ஒலிகளும் அந்த ஒற்றைக் கோப்புக்குள் தாமாகச் சேர்வதில்லை. அவை உடன் இருக்க வேண்டும் அல்லது இணையத்தில் இருக்க வேண்டும். எங்கள் விளையாட்டில் படங்கள் இல்லாததால் இது இடையூறாகவில்லை. கோப்பைக் கைப்பேசிக்கு நேரடியாக அனுப்பினால் பலருக்கு அதைத் திறக்கத் தெரியவில்லை. விளையாட்டுகளைப் பகிர்வதற்கான இட்ச் என்னும் இணையதளத்தில் இலவசமாக ஏற்றி முகவரியை அனுப்பிய பிறகே எல்லோரும் விளையாடினார்கள்.

மதிப்பீட்டு நாளுக்கு முந்தைய மாலை, விளையாட்டைப் பற்றி எதுவும் அறியாத முதலாண்டு மாணவர்கள் ஆறு பேரை அமர்த்தி, குழுவினர் பின்னால் பேசாமல் நின்று பார்க்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தேன். நால்வர் ஒரு மணி நேரத்துக்குள் பெட்டியைத் திறந்தார்கள். ஐந்தாமவர் பரணிலேயே சிக்கிக்கொண்டார்; அந்தப் பிழையை அன்றிரவே திருத்தினார்கள். ஆறாவது மாணவி பெட்டியைத் திறக்காமல், தாத்தாவின் கடிதங்கள் இருந்த கட்டங்களையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தார். கட்டங்களை இழந்து மீண்டும் எழுதிய மாணவியின் பகுதி அது.