கொடைக்கானல் குளிரில் எஸ்பிரெசோ இயந்திரத்தோடு 14 மாதங்கள்

கொடைக்கானலில் எங்கள் வீட்டுச் சமையலறைக்கு, வெந்நீரைப் பம்ப்பின் அழுத்தத்தில் காபித் தூள் வழியே செலுத்தும் எஸ்பிரெசோ இயந்திரம் வந்து 14 மாதங்கள் ஆகின்றன. காபி எடுப்பதற்கும், பாலை நுரைக்கும் நீராவிக்கும் இதில் தண்ணீரைச் சூடாக்கும் கலமான பாய்லர் ஒன்றுதான் என்பதை வாங்க நினைப்பவர்கள் முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். இதன் நிறைகுறைகள் பெரும்பாலும் அங்கிருந்தே தொடங்குகின்றன.

மலையில் குடியிருப்பவர்களுக்கு மிகவும் வேண்டிய செய்தி ஒன்று இதன் கையேட்டில் இல்லை. சுமார் 2,100 மீட்டர் உயரத்திலுள்ள இவ்வூரில் தண்ணீர் ஏறத்தாழ 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். இயந்திரமோ 95 டிகிரிக்கு வைக்கப்பட்டு வந்தது. பம்ப்பின் அழுத்தம் ஏறுவதற்கு முன்பே ஆவியும் நீருமாகச் சீறித் தூளின் மேல் விழுந்ததால், அது குழிந்து, காபி ஒரு பக்கமாகவே ஒழுகியது. 91 டிகிரிக்கு இறக்கிய பிறகு, தாண்டிக்குடிப் பக்கத்து அராபிகாத் தூள் 18 கிராம் போட்டால் 28 விநாடிகளில் 36 கிராம் காபி நூல் பிடித்தாற்போல் இறங்குகிறது. இதற்கென்று நல்ல கிரைண்டர் தனியாக வேண்டும். ஃபில்டருக்கு அரைத்த கடைத் தூள் அவ்வளவு நைசாக இருக்காது என்பதால், பத்தே விநாடிகளில் வெளிறிய நீராக ஓடிவிடுகிறது.

கொடுத்த பணத்துக்கு நியாயம் செய்வது இதன் நீராவிக் குழாய்தான். நுரையைத் தாங்குவது பாலின் புரதம், வாய்க்கு வழவழப்பைத் தருவது கொழுப்பு. ஆவின் நீலப் பாக்கெட்டையும் பச்சைப் பாக்கெட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தபின், 4.5 சதவீதக் கொழுப்புள்ள பச்சையே எனக்குப் பிடித்துப்போயிற்று. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பாலை ஸ்டீல் ஜக்கில் பாதிக்கும் குறைவாக ஊற்றி, குழாயின் நுனி பாலின் மேற்பரப்பை ஒட்டி நிற்குமாறு ஐந்தாறு விநாடிகள் பிடித்தால், மெல்லிய துணி கிழிவது போன்ற சத்தம் வரும். பிறகு நுனியைச் சற்றே உள்ளே அமிழ்த்தி, பால் சுழலும்படி ஜக்கைச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். ஜக்கின் அடியில் வைத்த உள்ளங்கை சூடு பொறுக்காமல் விலகும் நேரத்தில் பால் ஏறக்குறைய 60 டிகிரியில் இருக்கும், அங்கே நிறுத்திவிட வேண்டும். எழுபதைத் தாண்டினால் நுரை தளர்ந்து, காய்ச்சிய பாலின் வாடை வந்துவிடுகிறது. டபராவில் ஆற்றினால் எழும் நுரையில் குமிழிகளைக் கண்ணால் எண்ணலாம். இந்த நுரையில் ஒரு குமிழிகூடத் தெரியாது, நெய் தடவினாற்போல் மினுமினுத்துக் காபியோடு ஒன்றாகக் கலந்துவிடும்.

குறையும் சிறிதல்ல. நீராவிக்காகப் பாய்லர் 100 டிகிரிக்கும் வெகுவாக மேலே சூடேறிவிடுவதால், அடுத்த காபிக்கு முன் சீற்றம் அடங்கும்வரை தண்ணீரைத் திறந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். நான்கு பேருக்குக் கப்புச்சினோ போட எனக்கு அரைமணி நேரம் ஆகிறது. மார்கழி, தை மாதக் காலைகளில் காபித் தூளை வைக்கும் கைப்பிடி வடிகட்டியான போர்ட்டாஃபில்டரை மாட்டி 20 நிமிடங்கள் சூடேற விடாவிட்டால் காபி புளிக்கிறது, கோப்பையையும் வெந்நீரில் அலசியே ஆக வேண்டும். 1,350 வாட் இழுக்கும் இதை எங்கள் இன்வெர்ட்டர் தாங்காது என்பதால், மழைக்காலத்தில் மின்சாரம் போனால் அன்றைக்குக் காபி இல்லை.

இருவர் மட்டும் இருந்து, காலையில் அவசரமில்லாத வீட்டுக்கு இதைத் தயங்காமல் வாங்கலாம். எங்கள் வீட்டில் விருந்தாளிகள் வந்தால் இன்னும் பித்தளை ஃபில்டரில்தான் டிகாஷன் இறங்குகிறது.