மாடிக்கு இன்னொரு டிபி பாக்ஸா, தனி சர்வீஸா?

கீழ்வீட்டு மீட்டரிலிருந்தே மாடிக்கு இன்னொரு டிபி பாக்ஸ் (மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) வைப்பதா, ஈபியில் தனி மீட்டரோடு தனி சர்வீஸ் வாங்குவதா? அம்மாபேட்டையில் மாடி எடுத்தபோது எங்களுக்கு வந்த குழப்பம் இது. வாடகைக்கு விடுவதென்றால் யோசிக்கவே வேண்டாம், தனி மீட்டர்தான். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் அந்தக் குடித்தனத்துக்கும் உண்டு, பில் தகராறும் வராது.

நாமே புழங்குகிற மாடிக்கு இரண்டாவது பாக்ஸ் போதும், ஆனால் வேலை சுத்தமாக இருக்கணும்: கீழே அதற்கென்று 40 ஆம்பியர் எம்சிபி (லோடு மீறினால் தானாக விழும் சுவிட்ச்), அங்கிருந்து 10 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், மேலே 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் தானாக விழும் சுவிட்ச்). எங்களுக்கு வந்த வயர்மேன் மாடி பாக்ஸில் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரே பட்டையில் முறுக்கிவிட்டுப் போக, கிரைண்டரைப் போட்டாலே ஆர்சிசிபி டப்பென்று விழுந்தது. பிரித்துப் போட்டதும் நின்றது. ஆர்சிசிபி மட்டும் இல்லையென்றால் தப்பு வெளியே தெரிந்தே இருக்காது. அப்புறம், பாக்ஸ் கூடினால் சர்வீஸுக்கு ஈபி அனுமதித்த லோடு கூடிவிடாது, மாடியில் ஏசி மாட்டுவதற்கு முன்பே ஈபியில் லோடு ஏற்ற எழுதிக் கொடுங்கள்.